அறுவடைக்கு நான் வைத்த நாள்

ஓகஸ்ட் 22, வெள்ளி

மட்டக்குளி ஆலையில் காலை முழுக்கக் கனடாப் பருப்பு. தட்டில் பரப்பி, கறுத்தது, சுருங்கியது, உடைந்தது என்று பிரித்து எழுதுவது என் வேலை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நாலு வருடம் விவசாய விஞ்ஞானம் படித்தவனுக்கு இருபத்தாறு வருடமாக இதுதான். புதிதாக வந்திருக்கும் மனேஜர் பாஹிம் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான். "சேர், அடுத்த வருஷம் கலர் பாக்கிற மெஷின் வருது. ஒங்கட கண்ணுக்கு ரெஸ்ட்." வேலையை விட்டு அனுப்புகிறவர்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டுதான் சொல்கிறார்கள்.

வெள்ளவத்தை வரைக்கும் பஸ்ஸில் நின்றபடி வந்தேன். வீட்டுக்கு வந்து போனைத் திறந்தால், குடும்பத்து வட்ஸ்அப்பில் தம்பியின் படம். தனஞ்சயன் புது அறுவடை இயந்திரத்தின் மேல் ஏறி நிற்கிறான், பக்கத்தில் அவனுடைய வெள்ளைக்கார மனைவி எவ்லின். பின்னால் கனடாவின் சஸ்காச்சுவான் சமவெளி. அடிவானம் வரைக்கும் மைசூர்ப் பருப்பு, பழுத்து நிற்கிறது. கீழே எழுதியிருக்கிறான்: "அண்ணா படிச்சார், நான் செய்யுறன்."

லண்டன், சிட்னிச் சொந்தக்காரர் கைதட்டியிருந்தார்கள். என் மனைவி அருந்ததியும் சிரித்தாள். "பகிடிக்குத்தானே எழுதினவன்" என்றாள்.

ஓம். பகிடி.

ஓகஸ்ட் 24, ஞாயிறு

காலை ஏழு மணிக்குத் தம்பி போன் எடுத்தான். அங்கே சனி மாலை. வருடத்தில் ஒருமுறை எடுப்பான், இதற்காக.

"அண்ணா, காய் எல்லாம் பழுத்திட்டுது. காய வைக்கிற மருந்தடிச்சு எட்டு நாள். வெட்டத் தொடங்க ஒரு நாள் பாத்துச் சொல்லுங்கோ."

முன்பு அப்பா பார்த்துச் சொல்வார். அவர் போனபின் ஒன்பது வருடமாக நான். யாழ்ப்பாணத்து வாக்கிய பஞ்சாங்கத்தில் நாள் பார்த்து, அந்த நேரத்துக்கு அவன் முதல் பிடியைக் கையால் அறுத்து, இயந்திரக் கொட்டிலில் இருக்கும் பிள்ளையார் படத்துக்கு முன்னால் வைப்பான். அதன் பிறகுதான் இயந்திரம் இறங்கும். எவ்லினுக்கும் அது பழகிவிட்டது.

பஞ்சாங்கம் உள்ளறை அலுமாரியில் இருந்தது. நான் கதிரையை விட்டு எழும்பவில்லை.

"செப்ரெம்பர் மூண்டு, புதன். அதுக்கு முதல் ஒண்டும் சரியில்லை" என்றேன்.

"பத்து நாள் போகுமேயண்ணா."

"அப்ப ஏன் என்னட்டைக் கேக்கிறாய்?"

"இல்லை இல்லை. நீங்கள் சொன்னாச் சரி."

பத்து நாள் காத்திருக்கட்டும். படித்தவன் சொன்னதைச் செய்யட்டும்.

ஓகஸ்ட் 25, திங்கள்

பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்தேன். இன்றே நல்ல நாள். வியாழனும் நல்ல நாள். சொல்லவில்லை.

ஓகஸ்ட் 30, சனி

தம்பியின் குரல் பதிவு: "அண்ணா, ரெண்டாந் திகதி தொடக்கம் பெரிய மழை எண்டு காட்டுது. எவ்லின் இப்பவே இறங்குவம் எண்டு நிக்கிறா. நான் அண்ணா சொன்ன நாள்தான் எண்டிட்டன். என்ன சொல்லுறியள்?"

இப்போது ஒரு வசனம் போதும். 'நான் பார்த்தது பிழை, நாளைக்கே வெட்டு.' அவன் ஏன் என்றுகூடக் கேட்கமாட்டான்.

"உன்ர விருப்பம்" என்று அனுப்பினேன்.

எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன், எனக்காவது தெரியட்டும். வெளிநாட்டுக்கு ஒருவனைத்தான் அனுப்பலாம் என்ற நேரம் அப்பா அவனை அனுப்பினார். நான் படித்தவன், எங்கேயும் பிழைத்துக்கொள்வேனாம். அவன் உயர்தரப் பரீட்சையில் மூன்று பாடமும் கோட்டைவிட்டவன், பாவமாம். பிறகு அம்மாவின் ஆஸ்பத்திரி நான். அப்பாவின் ஆஸ்பத்திரி நான். கனத்தை மயானத்தில் அப்பாவுக்கு நான் கொள்ளி வைக்க, அவன் பார்ப்பதற்காக அருந்ததி போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஐயர் இரண்டு முறை அவளைத் தள்ளி நிற்கச் சொன்னார்.

இதில் எதையாவது அவன் ஒருநாள் கேட்டிருக்கிறானா?

செப்ரெம்பர் 4, வியாழன்

அங்கே இரண்டாம் திகதி இரவே மழை தொடங்கிவிட்டது. மூன்றாம் திகதி காலையில் குடையைப் பிடித்துக்கொண்டு போய் முதல் பிடியை அறுத்திருக்கிறான். படம் அனுப்பியிருக்கிறான். இயந்திரம் இறங்கவில்லை. சேறு.

செப்ரெம்பர் 13, சனி

மழை. பருப்புச் செடி கோதுமை மாதிரி இல்லை. முழங்காலுக்கும் கீழே நிற்பது, மழைக்குப் படுத்துவிடும். படுத்தால் இயந்திரக் கத்திக்கு அகப்படாது. காய்ந்த காய் நனைந்து, காய்ந்து, திரும்ப நனைந்தால் வெடித்து நிலத்தில் கொட்டும். கொட்டாதது காய்க்குள்ளேயே முளைக்கும். இதைப் பரீட்சையில் எழுதியிருக்கிறேன். அதற்கு எண்பத்திரண்டு புள்ளி.

செப்ரெம்பர் 21, ஞாயிறு

குரல் பதிவு. பின்னால் மழைச் சத்தம். "ஒரு காயை உரிச்சுப் பாத்தனான் அண்ணா. முளைச்சு வால் விட்டிருக்கு." அவ்வளவுதான். குறை சொல்லவில்லை. குறை சொன்னால் எனக்குப் பதில் இருந்தது.

ஒக்டோபர் 5, ஞாயிறு

போன கிழமை நாலு நாள் வெயில். இருவரும் மாறி மாறி ஓட்டி வெட்டியிருக்கிறார்கள். போன வருடம் ஏக்கருக்கு ஆயிரத்து எழுநூறு இறாத்தல். இந்த முறை அறுநூற்று நாற்பது, அதுவும் மாட்டுத் தீவனத் தரம். குத்தகைக் காணியில் பாதியை வெட்ட முடியவில்லை. நேற்றுப் பனி விழுந்து மூடிவிட்டது.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெள்ளைக்குள் கறுப்பாகக் கொஞ்சம் செடி. அவன் படத்தில் இல்லை.

ஒக்டோபர் 8, புதன்

அருந்ததி சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"அண்டைக்கு நீங்கள் பஞ்சாங்கம் எடுக்கேல்லை, என்ன?"

"ஆர் சொன்னது?"

"அதுக்கு மேல நான் சேலை மடிச்சு வச்சிருந்தனான். தனா எடுத்த நேரம் சேலை வச்சபடி கிடந்தது. அடுத்த நாள்தான் கலைஞ்சிருந்தது."

அவள் குழம்பை ஊற்றினாள்.

"அந்தக் குத்தகைக்காரன் காணியைத் திருப்பிக் கேக்கிறானாம். எவ்லின் எனக்கு எழுதினவா. மனுசன் நாளைப் பாத்துக்கொண்டு நிண்டு பயிரை அழிச்சுப்போட்டான் எண்டு அந்த ஊரே கதைக்குதாம். நீங்கள் சொல்லுறீங்களோ, நான் சொல்லட்டோ?"

"ஒண்டரை மாசமாத் தெரிஞ்சுகொண்டோ இருந்தனீ?"

"நீங்களாச் சொல்லுவீங்கள் எண்டு பாத்தனான். முப்பது வருசமாப் பாத்துக்கொண்டுதானே இருக்கிறன்."

கையைக் கழுவிவிட்டு எழும்பினேன். சாப்பிடவில்லை. அவளும் கூப்பிடவில்லை.

ஒக்டோபர் 10, வெள்ளி

ஆலையில் ஒரு பருப்பு மாதிரியைத் தரம் பிரிக்காமலே கையெழுத்து வைத்துவிட்டேன். பாஹிம்தான் கண்டுபிடித்தான். "சேர், சுகமில்லையா?" என்று கேட்டான். இந்த முறை சிரிக்கவில்லை.

ஒக்டோபர் 12, ஞாயிறு

சொல்லிவிட்டேன். அருந்ததிதான் தம்பிக்குப் போன் எடுத்து என் கையில் தந்தாள்.

எப்படிச் சொன்னேன் என்று ஒழுங்காக ஞாபகம் இல்லை. தொடக்கத்தில் அப்பா, கனத்தை, உயர்தரம் எல்லாவற்றையும் இழுத்தேன். அவன் "ம்" போட்டுக்கொண்டிருந்தான். பிறகு சொன்னேன். பஞ்சாங்கத்தை நான் திறக்கவேயில்லை. வாயில் வந்த திகதி. அடுத்த நாள் பார்த்தேன், நல்ல நாள் என்று தெரிந்தது, அப்போதும் சொல்லவில்லை.

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை.

"பஞ்சாங்கம் இப்ப போனிலயும் இருக்கண்ணா. நீங்கள் சொன்ன அண்டைக்கே பாத்தனான். அதில இருபத்தஞ்சாந் திகதி நல்ல நாள் எண்டு கிடந்தது."

"அப்ப ஏனடா நிண்டனீ?"

"படிச்ச மனுசன், எனக்குத் தெரியாத ஏதோ ஒண்டைப் பாத்துத்தான் சொல்லுறார் எண்டு நினைச்சன். எவ்லினுக்கும் அப்பிடித்தான் சொன்னனான்."

கோபமாகச் சொல்லவில்லை. அவன் ஏசியிருக்கலாம். நான் இருபது வருடமாகச் சேர்த்து வைத்திருந்த பதில் ஒன்றும் அதற்குப் பொருந்தவில்லை.

"சரியண்ணா, வைக்கிறன். எவ்லின் பாத்துக்கொண்டு நிக்கிறா."

ஒக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. குடும்ப வட்ஸ்அப்பில் எல்லோரும் வாழ்த்துப் போட்டார்கள். அவன் போடவில்லை. நானும் போடவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

எவ்லின் அருந்ததிக்கு எழுதியிருக்கிறாள். குத்தகைக் காணி போய்விட்டது. சொந்தக் காணியையும் பக்கத்துக் காணிக்காரனுக்கு மூன்று வருடத்துக்கு விட்டுவிட்டார்கள். தனா வடக்கே எண்ணெய் ஏற்றும் பவுசர் லொறி ஓட்டப் போய்விட்டான், மூன்று கிழமைக்கு ஒருமுறைதான் வீடு. நான் சொன்னதை அவன் அவளிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. உங்கள் கணவரைக் கேட்டதாகச் சொல்லவும் என்று முடித்திருக்கிறாள். அருந்ததி அதை எனக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினாள்.

நவம்பர் 23, ஞாயிறு

நான் அவனுக்குப் போன் எடுத்தேன். இத்தனை வருடத்தில் நானாக அவனை எடுத்தது இதுதான் முதல் தடவை. மூன்று தரம் அடித்து ஓய்ந்தது. நாலாம் தரம் எடுத்தான்.

"என்னண்ணா, ஏதும் பிரச்சினையோ?"

"இல்லை. சும்மா."

"ம்."

பவுசர் இயங்கிக்கொண்டிருக்கும் சத்தம். கடைசியில் அவன்தான் கேட்டான்.

"கொழும்பில இப்ப மழையோ?"

"பொறு" என்றேன். எழும்பிப் போய் யன்னலைத் திறந்து, கையை வெளியே நீட்டிப் பார்த்தேன்.

"இல்லை" என்றேன்.