ஒட்டுப்போட்ட ஆக்சில்

ஐப்பசி, செவ்வாய் இரவு.

"ஒட்டுன ஆக்சிலு மலைக்குத் தாங்காது, புதுசாத்தான் கடையணும்." லேத்துப் பட்டறை வைத்திருக்கும் என் வீட்டுக்காரர் எப்போதும் சொல்வது இது.

இன்று ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு எங்களை ஏற்றிப்போக வேறு ஜீப் வந்தது. குரங்கணிக்கு மேலே வளைவில் வண்டி முனகியது. டிரைவர் சிரித்தான். "பயப்படாதீங்கக்கா, ஆக்சிலு உங்க வீட்டு அண்ணே வெல்டிங் வச்சதுதான்." ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். எங்கே இறங்குவது?

வீட்டுக்கு வந்ததும் இவரிடம் கேட்டேன். "வெரசா வேணும்னு நின்னான், வச்சுக் குடுத்துட்டேன். நீ அந்த வண்டியிலயா போன?" முகம் வெளிறிவிட்டது. "நாளைக்கு நீ போகாத. வெளிய சொல்லிறாத, பட்டறை பேரு கெட்டுப்போகும்."

நீ போகாதே என்றார். அவ்வளவுதான் சொன்னார். இப்போது தூங்கிவிட்டார்.

காலையில் பக்கத்து வீட்டுச் செல்வி அந்த ஜீப்பில் எனக்கும் சேர்த்து இடம் பிடித்து வைத்திருப்பாள்.