பி நெகட்டிவ், ஒரு பாட்டில்

1996 ஜூலை 2, செவ்வாய்

மணி பன்னிரண்டு. இந்த நேரத்தில் உன்னைத் திறப்பதற்கு மன்னித்துக்கொள், டைரி. அனு இப்போதுதான் தூங்கினாள். எட்டு மாதக் குழந்தைக்கு இவ்வளவு பிடிவாதமா! சாயங்காலத்திலிருந்து தூறல். கொடியில் ஒரு துணியும் காயவில்லை.

நேற்று முதல் மகளிர் சேவா சங்கத்துக்கு நான் தலைவி. போட்டி இல்லை. வேறு யாரும் கை தூக்கவில்லை, அவ்வளவுதான். ரத்தம் கொடுப்பவர்களின் பெயர் நோட்டு என் கைக்கு வந்துவிட்டது. ஆஸ்பத்திரிகளில் கொடுத்திருக்கும் அட்டையில் எங்கள் வீட்டு போன் நம்பர்.

பழைய தலைவி சகுந்தலா அக்கா ஒரு மணி நேரம் சொன்னதில் நினைவிருப்பவை:

– போன் பக்கத்தில் பென்சில். நூலில் கட்டி.
– விலாசத்தை முதலில் வாங்கு. அப்புறம் அழ ஆரம்பித்துவிடுவார்கள்.
– "ஆயிடும்னு மட்டும் வாயில வரக்கூடாதுடி. முயற்சி பண்றேன்னு சொல்லு. நீ ஆயிடும்னா அவங்க வேற இடத்துல தேடறதையே நிறுத்திடுவாங்க."
– வீட்டுக்காரர் சாப்பிடும்போது போனில் ரத்தம் என்று பேசாதே. (சொந்த அனுபவமாம்.)

ஜூலை 4, வியாழன்

முதல் அழைப்பு. மாலை ஐந்தரை. அனு இடுப்பில், பால் அடுப்பில்.

ஸ்ரீராம்புரம் முருகேசன். மாநகராட்சியில் துப்புரவு வேலை. வீட்டில் போன் இல்லை, பூத்திலிருந்து பேசினார். மனைவி சரோஜா, 31, ஒரு நர்சிங் ஹோமில். நாளை காலை பத்துக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். பி நெகட்டிவ் ஒரு பாட்டில் கையில் இல்லாமல் தொடமாட்டார்களாம்.

"தங்கவயல்ல எம் மச்சான் இருக்கான் மேடம். அவனுக்கும் இதே குரூப்புதான். ராத்திரி ரயிலப் புடிச்சிப் போயி கூட்டியாந்துடவா?"

அனு வீறிட்டாள். பால் பொங்கியது.

"வேணாங்க, நீங்க அவங்க பக்கத்துலயே இருங்க. ஆயிடும்."

சொல்லியேவிட்டேன். "கோடி புண்ணியம் மேடம்" என்று வைத்துவிட்டார்.

நோட்டில் பி நெகட்டிவ் மூன்றே பேர். ஒருவர் சென்னைக்கு மாற்றலாகிப் போய்விட்டார். ஒருவர் போன மாதம்தான் கொடுத்திருக்கிறார், மூன்று மாதம் ஆகாமல் எடுக்கமாட்டார்கள். மிச்சம் தங்கராஜ், பீன்யா தொழிற்பேட்டையில் லேத் ஆபரேட்டர், இரண்டாம் ஷிப்ட். அவர் கம்பெனி கேட்டுக்கு ஐந்து முறை போன். செக்யூரிட்டி கன்னடத்தில் "ஒந்து நிமிஷா" என்று ரிசீவரை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனால் போனதுதான்.

இவர்: "கேட் வாட்ச்மேனோட பேசறதுக்கா உன்னைத் தலைவி ஆக்கினாங்க?"

பத்தேமுக்காலுக்கு தங்கராஜே கூப்பிட்டார். "எட்டு மணிக்கெல்லாம் அங்க இருப்பேன் மேடம்."

அப்பாடா. ஆனாலும் தூக்கம் வரவில்லை.

ஜூலை 5, வெள்ளி

எட்டு. ஒன்பது. நர்சிங் ஹோம் நம்பர் எங்கேஜ்டு. பத்து. அனுவுக்குச் சோறு ஊட்ட மறந்தேன்.

பதினொன்றேகாலுக்கு தங்கராஜ், நர்சிங் ஹோம் கவுன்ட்டரிலிருந்து.

"வழியில லாரி கவுந்து ஒரே ஜாம் மேடம். பஸ்ஸ விட்டு எறங்கி நடந்தே வந்தேன். அந்தம்மா இங்க இல்லீங்க. ரத்தப்போக்கு ஜாஸ்தியாயி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாங்களாம்."

"எந்த ஆஸ்பத்திரி?"

"கேட்டா 'கொத்தில்லா', தெரியாதுன்னு கைய விரிக்கறாங்க. அந்தம்மா வீட்டுக்காரர் பத்து மணி வரைக்கும் கேட்லயே நின்னாராம். 'மேடம் ஆளு அனுப்புவாங்க'ன்னு."

மூன்று பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு போன் செய்தேன். "சரோஜாவா? எந்த வார்டு?" எனக்கெப்படித் தெரியும்.

சகுந்தலா அக்காவிடம் சொன்னேன். "நம்ம ஆள் போனார்ல? நோட்டுல 'ஆள் அனுப்பியது'ன்னு எழுதிட்டு விடு. அப்புறம் என்னாச்சுன்னு தேடிப் போகாதே. அப்படிப் போனா ஒரு வருஷம் தாங்கமாட்டே."

நோட்டில் எதுவும் எழுதவில்லை.

ஜூலை 6, சனி

அனுவைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஸ்ரீராம்புரம். விலாசம் சரி. வீடு பூட்டு. எதிர்வீட்டு அம்மா குடத்தைக் கீழே வைக்காமலே பேசினார்.

"நேத்துலேர்ந்து பூட்டுதான். புள்ளைங்கள மாமன் வந்து தங்கவயலுக்குக் கூட்டிப் போயிட்டான்."

"சரோஜா எப்படி இருக்காங்க?"

"யாரு கண்டா." என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ரத்தம் அனுப்பறேன்னாங்களாமே, நீதான் அந்த மேடமா?"

ஆமாம் என்றேன். அவர் குடத்தோடு உள்ளே போய்விட்டார்.

அங்கேயே ஆட்டோவில் உட்கார்ந்து எழுதிக் கதவுக்கு அடியில் தள்ளியதன் நகல்:

"முருகேசன் அவர்களுக்கு, மச்சானைக் கூட்டிவர வேண்டாம் என்று சொன்னது நான். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. எங்கள் ஆள் வந்தார், நேரம் கடந்து வந்தார். அவர் இன்னும் தயாராக இருக்கிறார், எந்த ஆஸ்பத்திரி என்று மட்டும் சொல்லுங்கள். என் விலாசமும் போன் நம்பரும் கீழே. எந்த நேரமானாலும் கூப்பிடலாம். திட்டுவதானாலும் கூப்பிடுங்கள். சரோஜா எப்படி இருக்கிறார்? தயவுசெய்து சீக்கிரம் பதில் சொல்லுங்கள்."