அவள் கைக்கு அளந்த வில்

என் இஞ்சாருங்கோ,

உங்களை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கடிதத்தையும் இந்தச் சொல்லோடுதான் தொடங்க முடிகிறது. வீட்டில் எந்த மூலையில் நின்றாலும் இதற்கு "ஓம்" என்று குரல் தருவீர்கள். இப்போதும் எழுதிவிட்டுக் கொஞ்சம் காத்திருந்தேன்.

நீங்கள் போய் ஒரு வருசமாகிற ஆட்டைத் திவசத்துக்கு அடிக்கிற மலருக்கு ஒரு பக்கம் வேண்டுமென்று உங்கள் தங்கச்சி கேட்டார். உங்கள் குணநலன்களை மற்றவர்கள் எழுதுவார்கள். உங்கள் வில்லுக்கு என்ன நடந்தது என்று நான் எழுதுகிறேன். உங்களுக்கு அது முதலே தெரியுமோ என்னவோ.

நீங்கள் போன பிறகு வந்த கோடையில் நம் மகள் தாரணி அந்த வில்லை எடுத்தாள். "நவம்பரிலை அப்பா மான் வேட்டைக்குப் போற காட்டுக்கு நான் போகப் போறன்" என்றாள். இருபத்தாறு வயதுப் பிள்ளையை என்ன சொல்லித் தடுப்பது? உங்களோடு சேர்ந்து வேட்டை வகுப்பும் முடித்தவள். சரியென்று விட்டுவிட்டேன்.

கோயில் சிலைகளின் கையில் இருக்கிற வில் அல்லவே அது. மேலும் கீழும் கப்பி பூட்டியது. வேலை முடிந்ததும் நாணைக் கழற்றி வைக்க முடியாது. அலுமாரிக்குள் கிடந்தாலும் இறுகியபடியே கிடக்கும். நீங்கள் போய்விட்டீர்கள், உங்கள் வில்லுக்கு அது தெரியவில்லை.

வார விடுமுறையில் பயிற்சி மைதானத்தில் எய்துவிட்டு வருவாள். மற்ற நாட்களில் வேலையால் வந்ததும் பேஸ்மென்டில் நின்று அம்பில்லாமல் இழுப்பாள், பிறகு மெல்ல மெல்லத் திருப்பி விடுவாள். இழுக்கத் தொடங்கும்போது பல்லைக் கடிப்பாள். முழுக்க இழுத்து முடிக்கும் இடத்தில் கப்பி உருண்டு பாரம் சட்டென்று குறையும்.

"அம்மா, அந்த இடத்திலை அப்பா பின்னாலை வந்து பிடிக்கிறார்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் இடுப்பிலிருந்து பின்னால் சாய்ந்திருந்தாள், சுவரில்லாத இடத்தில் சுவரில் சாய்ந்தது மாதிரி. யார்மேல் சாய்ந்தாள்? நான் தேவாரம் முணுமுணுத்தபடி மேலே ஏறி வந்துவிட்டேன்.

ஒருநாள் பாத்திரம் கழுவச் சட்டைக் கையை மடித்தாள். முழங்கைக்குக் கீழே கறுத்துக் கன்றியிருந்தது.

"நாண் அடிச்சது. அப்பாவுக்கும் அடிக்கிறதுதானே."

உங்களுக்கு ஒருநாளும் அடித்ததில்லை. உங்கள் கையில் எது பட்டாலும் மருந்து போட்டவள் நான்தானே, எனக்குத் தெரியாதா?

பிறகு உங்கள் ஜாக்கெட்டைப் போட்டாள். உங்களைப் போலவே தேநீரை ஆறவிட்டுக் குடித்தாள். ஒரு பின்னேரம் கீழேயிருந்து, "இஞ்சாரும், என்ரை கண்ணாடியை ஒருக்கா எடுத்தாரும்" என்று குரல் வந்தது. தாரணியின் குரல்தான், ஆனால் நீங்கள் என்னைக் கூப்பிடுகிற சொல். அவள் கண்ணாடி போடுகிறவள் அல்ல. ஓடிப்போய்க் கேட்டால், "நான் கூப்பிடேல்லையேம்மா" என்கிறாள்.

அன்றைக்குத்தான் எனக்குப் பயம் பிடித்தது. உங்களை நினைத்து இல்லை. என் பிள்ளை எனக்கு மிஞ்சுவாளா என்ற பயம்.

தீபாவளிக்கு முதல் நாள் உங்களுக்குப் படைத்தோம். பிரீஸரில் நான் பெயரெழுதி அடுக்கிய உங்கள் மான் இறைச்சியில் ஒரேயொரு பொதி மிஞ்சியிருந்தது. நான் சைவம் என்றாலும் நீங்கள் விரும்புகிறபடி உறைப்புத் தூக்கலாகக் கறி வைத்தேன். இலை போட்டுப் பரிமாறியதும் தாரணி வில்லைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

உங்கள் தங்கச்சிக்கு அது பிடிக்கவில்லை. "சோறு தின்ன வாற மனுசனுக்கு வில்லு என்னத்துக்கு? திரும்பவும் காட்டுக்குக் கலைச்சு விடப் போறியளோ?"

"மாமி, அது அப்பான்ரை வில்லு. அவர் தேடுவார்."

தேடுவீர்கள் என்று எனக்கும் தோன்றியது. ஆயுதத்தை வெறுமையாக வைக்க மனம் வராமல், கோயிலில் வேலுக்குச் செய்வது போலச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். நாணில் நல்லெண்ணெய் தடவினேன். குத்துவிளக்கை நெருக்கி வைத்தேன். அம்பு மட்டும் வைக்கவில்லை. இலைக்குப் பக்கத்தில் கூரிரும்பு வேண்டாமென்று நினைத்தேன். கதவைச் சாத்திவிட்டு மூவரும் படிக்கட்டில் வந்து இருந்தோம். நாங்கள் பார்க்காமல் இருந்தால்தானே நீங்கள் வந்து சாப்பிடுவீர்கள்.

சோறு ஆறும் நேரம்கூட ஆகவில்லை. உள்ளே வெடி வெடித்தது போல ஒரு சத்தம். அதன்பின் ஏதோ தரையில் உருண்டு உருண்டு நின்றது.

திறந்து பார்த்தால் விளக்கு ஆடாமல் எரிகிறது. கறிக் கிண்ணம் வைத்தபடி இருக்கிறது. வில்லின் மேல்தண்டு பிளந்து, நாண் அறுந்து, ஒரு கப்பி கதவடியில் கிடந்தது.

"அண்ணை வந்திட்டார்" என்றார் உங்கள் தங்கச்சி, மெதுவாக.

தாரணி அழவில்லை. "அப்பாவுக்கு என்னோடை கோவமோ?" என்று மட்டும் கேட்டாள். கோபமா, இஞ்சாருங்கோ?

அடுத்த சனிக்கிழமை ஒஷாவாவில் ஒரு வில்லுக் கடைக்குப் போனோம். கடைக்காரர் வெள்ளைக்காரர், பொறுமையான மனிதர். பிளந்த தண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அம்பு வைக்காமல் இழுத்து விட்டால்தான் இப்படி உடையும். யார் விட்டது?" என்றார்.

யாரும் விடவில்லை என்றாள் தாரணி. அவர் நாணை மூக்கருகே பிடித்து இது என்ன வாசம் என்றார். எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் சந்தனத்தையும் எண்ணெயையும் விளக்கையும் சொன்னேன். விளக்குச் சூடு தண்டைக் கெடுத்திருக்கலாம் என்றார். இருக்கலாம் என்றுதான் சொன்னார்.

"திருத்தேலாதாம். புதுசு எடுக்கிறதெண்டால் இதே அளவிலை எடுங்கோ" என்று தாரணி என்னிடம் பிடிவாதம் பிடித்தாள். "அதே நீளம், அதே பாரம்."

அவர் பதில் சொல்லாமல் அவளை இரண்டு கையையும் விரித்து நிற்கச் சொல்லி அளந்தார். உங்கள் அளவு அவளுக்கு மிகக் கூடுதல் என்றார். நீளம் கூடிய வில்லை இழுக்கிறவர் பின்னால் சாய்ந்துதான் நிற்க வேண்டி வருமாம். வில் பிடித்த கை மடங்காமல் விறைத்து நிற்க, நாண் வந்து அடிக்குமாம். நாங்கள் சொல்லாமலே, பேஸ்மென்டில் அவள் நின்ற விதத்தை அப்படியே நின்று காட்டினார்.

பாரம் குறைவதும் கப்பியின் வேலைதான், எல்லா வில்லிலும் அது இருக்கும் என்றார். அதைக் கேட்டதும் தாரணியின் முகம் விழுந்துபோனது.

பிறகு கதிரையில் இருத்தி, இரண்டு காலையும் நிலத்திலிருந்து தூக்கிக்கொண்டு இழுக்கச் சொன்னார். அப்படி இழுக்க முடியாத பாரம் உன்னுடைய பாரம் இல்லை என்றார். உங்கள் பாரத்தில் பூட்டிய வில்லைக் கொடுத்தார். பாதியிலேயே நின்றுவிட்டது. திரும்பவும் முயன்றாள். தோள் துடித்தது, கண்ணால் தண்ணீர் ஓடியது.

"எனக்கு அப்பான்ரை பாரம்தான் வேணும்!"

கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் போய் அவள் தோளைப் பிடித்தேன்.

"அப்பான்ரை பாரம் அவரோடை போகட்டும் பிள்ளை. அதை விடு. எனக்கு நீ வேணும்."

நெடுநேரம் என் வயிற்றில் முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அம்மா, எல்லாரும் பாக்கினம்" என்றாள். அது தாரணி. உங்கள் சாயல் அதில் துளியும் இல்லை.

மூன்று நான்கு வில் பிடித்துப் பார்த்தாள். ஒன்று கைக்குக் கனத்தது, ஒன்றின் பிடி தடித்தது. கடைசியாக எடுத்த சின்ன வில்லைக் காலைத் தூக்கியபடி அலுங்காமல் இழுத்தாள். எதற்கும் கணக்குப் பார்க்கிற நான் விலைச்சிட்டையைத் திருப்பாமல் வாங்கிய முதல் பொருள் அதுதான்.

கடையின் பின்பக்கம் எய்து பார்க்க இடமிருந்தது. அம்பைப் பூட்டி இழுத்தாள். நிமிர்ந்து நின்றாள், நாட்டிய கம்பு மாதிரி. அவளுக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் வெறுமையாக இருந்தது. நான் அந்த இடத்தில் போய் நின்றேன். ஹீட்டர் போடாத அறை, கால் விறைக்கிற குளிர். அந்த ஓரிடம் மட்டும், இப்போதுதான் யாரோ எழும்பிப் போன கதிரை போல வெதுவெதுப்பாக இருந்தது.

அம்பு போய்த் தைத்தது. திரும்பி என்னைப் பார்த்து, "இது நானே பிடிக்கிற மாதிரி இருக்கம்மா" என்றாள்.

நீங்கள்தான் அந்த நாணை இழுத்து விட்டீர்கள், அதுவும் கோபத்தில் இல்லை என்று நான் நினைக்கிறேன். விளக்குச் சூடு என்று கடைக்காரர் நினைக்கட்டும்.

இஞ்சாருங்கோ, ஒரு வாக்குத் தருகிறேன். இனி உங்கள் இலைக்குப் பக்கத்தில் வில் வைக்க மாட்டேன். கறியும் சோறும் சுடச்சுட இருக்கும், கதவு சாத்தியிருக்கும், படிக்கட்டில் நாங்கள் சத்தம் போடாமல் இருப்போம். சாப்பிட மட்டும் வாருங்கள். பிள்ளைக்குப் பின்னால் இனி நான் நிற்கிறேன்.

இப்படிக்கு,
நீங்கள் "இஞ்சாரும்" என்று கூப்பிட்ட மனைவி,
தாரணியின் அம்மா
வெக்ஸ்போர்ட்