மருதாணி பூசிய முன்கால்

ரபாத்,
செவ்வாய்க்கிழமை.

மரியாதைக்குரிய அப்பாவுக்கு, ஹம்மாதி சலாம் சொல்லி எழுதுவது. நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முதலில் சண்டை.

போனிலேயே பேசியிருப்பேன். நேற்று மூன்று முறை கத்தினேன். பக்கத்து அறைக்காரர்கள் எல்லாம் வந்து எட்டிப் பார்த்தார்கள். நீங்கள், "இங்க மழையே இல்லப்பா" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். அதனால் இந்தக் கடிதம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதாகப் படியுங்கள்.

இத்தோ அக்கா மர்ஜானின் படம் அனுப்பியிருந்தாள். திருவிழாவுக்கு அலங்காரம் முடிந்துவிட்டதாம். வருடா வருடம் பிடரிக்கும் வாலுக்கும்தானே மருதாணி வைப்பீர்கள்? இந்த வருடம் முன்கால் இரண்டிலும் முழங்கால் வரை எதற்கு? வெள்ளைக் குதிரை, இடது கால் வீக்கம் தூரத்திலிருந்தே தெரியும் என்பதால்தானே? சந்தேகம் வராமலிருக்க வலது காலுக்கும் சேர்த்துப் பூசியிருக்கிறீர்கள். பார்த்ததுமே புரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அவன் மேல்தான் ஏறப்போகிறீர்கள்.

போன மாதம் அந்தக் காலை ஸ்கேன் செய்து உங்களிடம் காட்டினேன். தசைநாண் பாதி கிழிந்திருக்கிறது, ஆறு மாதம் ஓடவே கூடாது என்றேன். தலையாட்டினீர்கள். நான் பஸ் ஏறியதும் சூடு வைத்து வைத்தியம் பார்க்கும் மைமூனைக் கூப்பிட்டு, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் அந்தக் காலில் நாலு கோடு இழுக்கவைத்தீர்கள். நாலாம் நாள் நான் திரும்பி வந்தபோது மர்ஜான் தீவனத்தைத் தொடாமல் நடுங்கிக்கொண்டு நின்றான்.

அதன் பிறகு அவன் நடந்தான். திருவிழாவில் உங்களோடு வரிசையில் குதிரை ஓட்டுகிற பதினாலு பேரும் தேநீர் குடிக்க உட்கார்ந்திருந்தபோது, "எம்பையன் ஆறு மாசம்னான். மைமூன் ஆறே நாள்ல நடக்க வெச்சுட்டான்" என்றீர்களாம். அதற்கு மைமூன், "டாக்டருக்கும் ஒரு கம்பி வாங்கிக் குடுங்க ஹாஜி, பொழச்சுக்குவான்" என்றானாம். அக்கா சொன்னாள். நன்றாகச் சிரித்திருப்பீர்கள்.

இப்போது கேளுங்கள். அவனை நடக்கவைத்தது மைமூனின் கம்பி இல்லை, என் மருந்து. அவன் நடுங்கியதைப் பார்க்கச் சகிக்காமல் வலி தெரியாமலிருக்கும் பொடியை அக்காவிடம் கொடுத்து, தினமும் பார்லியில் கலக்கச் சொன்னேன். உங்களிடம் சொன்னால் தூக்கி எறிவீர்கள் என்று மறைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். வலி தெரியாத குதிரை கிழிந்த காலோடும் ஓடும். அக்காவைத் திட்டாதீர்கள், தப்பு என்னுடையது. நேற்றோடு பொடியை நிறுத்தச் சொல்லிவிட்டேன். சனிக்கிழமை காலை அவன் இடது காலை எப்படி ஊன்றுகிறான் என்று நீங்களே பாருங்கள். நாற்பத்தைந்து வருடமாகக் குதிரையின் காலைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

திருவிழாவுக்குக் குதிரையின் ஆரோக்கியச் சான்று வேண்டுமாம். "ஒரு வரி எழுதிக் குடுக்கச் சொல்லு, அவன் கையெழுத்துதான" என்று அக்காவிடம் சொல்லியனுப்பினீர்கள். எழுத மாட்டேன். வேறு டாக்டரிடம் வாங்கிவிடுவீர்கள் என்றும் தெரியும்.

உங்கள் வித்தையை நான் குறை சொல்லவில்லை. மூன்று மாகாணத்துக் குதிரைகள் துப்பாக்கிச் சத்தத்துக்குப் பழக நம் லாயத்துக்கு வருகின்றன. பார்லி தின்னும் குட்டிக்குத் தூரத்தில் ஒரு வெடி, மறுநாள் ஓர் அடி பக்கத்தில், அதற்கும் மறுநாள் இன்னோர் அடி. கடைசியில் காதோரம் வெடித்தாலும் தலை நிமிராமல் தின்னும். யாரையும் நம்பாமல் அத்தனை வெடியையும் நீங்களே வெடித்தீர்கள். குதிரைகளின் காது பழகிவிட்டது, உங்கள் காது போய்விட்டது. குதிரைகளுக்கு அத்தனை பொறுமை. மகன் சொல்வதைக் கேட்க மட்டும் ஒரு நிமிடம் இல்லை.

பதினைந்து குதிரை ஒரே வரிசையில் பாய்ந்து, பதினைந்து துப்பாக்கியும் ஒரே வெடியாக வெடித்து, அந்த வேகத்திலிருந்து சட்டென்று நிற்க வேண்டும். நிற்கும்போதுதான் அந்தக் கால் முறியும். நடுவில் இருப்பது நீங்கள். கைகளில் கடிவாளத்தோடு துப்பாக்கியும் இருக்கும். இரண்டு பக்கமும் ஏழேழு குதிரை. இதற்கு மேல் நான் எழுத வேண்டுமா?

லாயத்தில் வர்தா சும்மாதானே நிற்கிறாள்? வெடிக்குப் பயப்பட மாட்டாள், கால் நான்கும் சுத்தம். தலைவர் பெண்குதிரையில் வந்தார் என்று சிரிப்பார்கள்தான். மைமூன் ஒரு வருடத்துக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். சிரிக்கட்டும். அடுத்த வருடம் மர்ஜான் மேல் போய் அவன் வாயை மூடுங்கள்.

ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். ஜரிகைச் சேணம் வர்தா முதுகில் இருந்தால் எல்லார் முன்னாலும் உங்கள் கையை முத்தமிடுவேன். மர்ஜான் முதுகில் இருந்தால், நீங்கள் வரிசை கட்டும் இடத்திலேயே அவன் முன்கால்களுக்கு நடுவில் உட்கார்ந்துவிடுவேன். மூன்று வயதில் அப்படி உட்கார்ந்திருந்தேன் என்று அம்மா சொல்வாளே, அது வேறு குதிரை. இவனும் என்னை மிதிக்க மாட்டான். ஊரே பார்க்க இறங்கி வந்து நீங்கள்தான் என்னைத் தூக்க வேண்டியிருக்கும்.

நலமா என்று கேட்க வேண்டிய இடம் வந்துவிட்டது. இங்கே கேட்கப் போவதில்லை. ஞாயிறு சாயங்காலம், வெடியெல்லாம் முடிந்த பிறகு, உங்கள் காதருகே வந்து சத்தமாகக் கேட்கிறேன். பதில் சொல்லுங்கள், அப்பா.

கோபம் தீராத மகன்,
ஹம்மாதி