ஹெட்மிஸ்ட்ரஸ் கால் நீட்டிய கதை

என் செல்ல வாலுவுக்கு,

அப்பா எழுதுவது. நான் நலம், அம்மாவும் நலம். வாந்தி எடுத்த கையோடு போனில் "நல்லா இருக்கேன்டி" என்பாளே அந்த நலம் இல்லை, நிஜமாகவே நலம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, சண்டை போட்டாலும் சீக்கிரம் முடித்துக்கொண்டு சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கடையில் வேலை குறைவில்லை, தினம் ரெண்டு தண்ணீர் மோட்டாராவது கருகிப்போய்ச் செம்புக்கம்பி சுற்ற வருகிறது. ஊரெல்லாம் தண்ணீர் ஏற்றித் தருகிற ஆள் வீட்டில் சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்று அம்மா தினமும் திட்டுகிறாள், அதுவும் ஒரு நல்ல அறிகுறிதான்.

இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன், பதறாமல் படி, முடிவு நல்லபடியாகத்தான் வருகிறது. கட்டியைக் கரைக்க மூன்றாவது தடவை ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றிக்கொண்டு வந்தபிறகு அம்மா ரொம்பவும் ஒடிந்துபோய்விட்டாள். பாத்ரூம் வாசலிலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "இனிமே என்னை அங்க கூட்டிட்டுப் போகாதீங்க, போதும்" என்றாள். கெஞ்சிப் பார்த்தேன், கோபித்தும் பார்த்தேன். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தை மேய்த்த ஹெட்மிஸ்ட்ரஸிடம் யார் வாதாடி ஜெயிக்க முடியும்? எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, அன்றைக்குக் கடையில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு மோட்டாரையே தப்பாக இணைத்துக் கருக்கிவிட்டேன் என்றால் பார்த்துக்கொள். அடுத்த தேதி வந்ததும் அவளே புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினாள், எனக்கு உயிர் வந்தது. ஆட்டோவில் ஏறியபிறகுதான் சொல்கிறாள், வைத்தியம் வேண்டாம் என்பதை டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு வருவதுதான் மரியாதை, அதற்காகத்தான் வருகிறாளாம்.

டாக்டர் வர நேரமானது. காத்திருக்கும் ஹாலில் ஒரு அம்மாள், நல்ல பருமன், கையில் ஒரு குட்டை ஸ்டூலும் க்ரீம் டப்பாவுமாக ஒவ்வொரு நாற்காலியாக வந்துகொண்டிருந்தார். ரிஃப்ளெக்ஸாலஜி என்கிறார்கள், பாதத்தில் இடம் பார்த்து அழுத்திவிடுகிற மசாஜ். ஆஸ்பத்திரியே ஏற்பாடு செய்திருக்கிறது. உன் அம்மா முன்னால் ஸ்டூலைப் போட்டு, "அக்கா, காலைக் கொஞ்சம் தாங்க" என்றார். என் காலை யாரும் தொட வேண்டாம் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டாள் இவள். அந்த அம்மாளுக்குக் கொஞ்சமும் முகம் வாடவில்லை, "அப்ப அண்ணன் தாங்க" என்று என் பக்கம் திரும்பிவிட்டார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது, வெடித்த குதிகால், நகக்கண்ணெல்லாம் கிரீஸ். மாட்டேன் என்பதற்குள் கால் அவர் மடியில் இருந்தது. அதற்கப்புறம் எனக்கு ஒன்றும் தெரியாது, குறட்டை விட்டிருக்கிறேன். விலாவில் ஒரு குத்து விழுந்து விழித்தால் உன் அம்மா கண்ணில் நெருப்பு. "உடம்புக்கு முடியாதது எனக்கு, சொகுசு இவருக்கா? நகருங்க" என்று சொல்லி, செருப்பைக் கழற்றிக் காலை நீட்டினாள் பார்!

அவளுக்கு உள்ளங்காலில் எவ்வளவு கூச்சம் என்பது உனக்குத்தான் தெரியுமே. விரல் பட்டதும் சிரிக்க ஆரம்பித்தாள். அடக்க அடக்கச் சிரிப்பு பீறிட்டது, நர்ஸ் எட்டிப் பார்த்தாள், எதிர்வரிசையில் தலையில் துணி கட்டியிருந்த பெரியவர் காரணம் தெரியாமலே கூடச் சிரித்தார். அப்புறம் மெல்ல அடங்கினாள், கண்ணில் தண்ணீர் வழிந்தது, துடைக்காமலே தூங்கிப்போனாள். டாக்டர் வந்து எழுப்பியபோது சொல்ல வந்ததைச் சொல்லவே இல்லை, மருந்து ஏறும்போது இந்தக் கால் பிடிச்சுவிடுறவங்க பக்கத்தில் இருப்பாங்களா என்று மட்டும் கேட்டாள். டாக்டர் அவள் காலில் வீக்கம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தாராளமாகச் செய்துகொள்ளலாம் என்றார். அந்த அம்மாளும் ஒளிவுமறைவில்லாமல் பேசினார். "இது கட்டிக்கு மருந்து இல்லக்கா, அதை டாக்டர் பாத்துப்பாரு. நான் செய்யிறது உடம்பு கொஞ்சம் இளகி, தூக்கம் வரத்தான்." பாதத்தில் தலை, வயிறு, ஈரல் எல்லாம் இருப்பதாகச் சுவரில் ஒரு படம் மாட்டியிருக்கிறார்கள், மோட்டார் வயரிங் படம் மாதிரி. அது மெய்யா பொய்யா எனக்குத் தெரியாது, டாக்டரே தோளைக் குலுக்கினார். அவள் மருந்து ஏற்றிக்கொள்ள உள்ளே நடந்து போனாள், எனக்கு அது போதும்.

வீட்டில் தினமும் யார் செய்வது என்று நானே கற்றுக்கொண்டேன். "அண்ணே, இது போல்ட் இல்ல, கால்" என்று அந்த அம்மாள் என் கையில் எத்தனை தடவை தட்டியிருப்பார்! முதல் நாள் அம்மா போட்ட சத்தத்தில் மாடிவீட்டுக்காரர் இறங்கி வந்துவிட்டார். அவள் மார்க் வேறு போடுகிறாள், நூற்றுக்குப் பன்னிரண்டில் ஆரம்பித்து முக்கி முக்கி முப்பத்தைந்து வாங்கிப் பாஸாகியிருக்கிறேன். வாந்தி நின்றுவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன், அது வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் கால் என் மடியில் இருக்கிற அந்த அரைமணி நேரம் அவள் பேசுவாள். ஒரு சாயங்காலம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "ரொம்ப பயமா இருந்துச்சுங்க" என்றாள். இத்தனை வருஷத்தில் உன் அம்மா பயம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கும்தான் என்றேன். காலை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

போன வாரத்தோடு மருந்து ஏற்றுவது முடிந்தது. நேற்று ஸ்கேன் பார்த்த டாக்டர் கட்டியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது, இனி சின்ன ஆபரேஷன்தான் என்று வாய் நிறையச் சிரித்தார். இதை நீ லீவில் வரும்போது நேரில் தன் வாயால் சொல்லவேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. போனில் மூச்சுவிடக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். சத்தியத்தை நான் மீறவில்லை, கடிதத்தைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. அங்கே நீ தூங்காமல் கிடப்பாய் என்று எனக்குத் தெரியாதா?

இருவரும் நோய்நொடி அண்டாமல் நீண்ட ஆயுசோடு சிரித்த முகமாய் இருக்க வேண்டும். ஒன்றை மறக்காதே, அவள் சொல்லும்போது இப்போதுதான் கேட்கிற மாதிரி வாயைப் பிள. காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட உனக்கு நடிப்பு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அழுகை வந்தால் மட்டும் நடிக்க வேண்டாம், அம்மாவைக் கட்டிக்கொண்டு நன்றாக அழு.

உன் அன்பு அப்பா