பூட்டிய கடைக்குள் ஒரு லபெட் தட்டு

எங்கள் பபேடான் பேட்டையில் ஒரு பர்மியர் வீட்டில் இன்று லபெட் தட்டை நீட்டினார்கள். ஊறிய தேயிலையும் பொரித்த பூண்டும் எள்ளும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதுமே உன் மேல் பழைய கோபம் கிளம்பிவிட்டது. மதராஸில் நீ கண்ணை மூடிவிட்டாய் என்று செய்தி வந்து அதிக நாளாகவில்லை. செத்தவனோடு சண்டை போடுகிறேன், என்ன செய்ய?

நீ மிஷன் பள்ளியில் படித்த குமாஸ்தா. நான் லுங்கி வியாபாரி. ஆபீஸ் விட்டதும் நேரே என் கடைக்கு வந்து, போருக்குப் பின் ஐரோப்பாவில் ஆட்சிக்கு வந்த ஒரு பிரதமரின் கதையை ஆரம்பிப்பாய். ஏழைக்கு இலவச வைத்தியம் கொடுத்தாராம், சுரங்கங்களை அரசுடைமை ஆக்கினாராம், தேர்தலில் தோற்றதும் முணுமுணுக்காமல் பிரதமர் வீட்டைக் காலி செய்தாராம். சொந்தச் சித்தப்பாவைப் பற்றிப் பேசுவதுபோல இருக்கும். நானும் வாயைப் பிளந்து கேட்பேன்.

இங்கே பர்மாவில் ராணுவ அரசு கடைகளை எடுக்கப்போகிறது என்று பேச்சு அடிபட்டபோது, சரக்கை ஏற்றிப்போக ஊருக்கு வெளியே மாவ்பியிலிருந்து என் மைத்துனன் லாரியோடு வந்தான். நீதான் தடுத்தாய்.

"ஏன் பாய் பதர்றே? அங்க சுரங்கக்காரனுக்கு நஷ்டஈடு குடுத்துட்டுத்தானே எடுத்தாங்க? ஒளிச்சு வெச்சா நமக்குத்தான் அசிங்கம்."

"மச்சான், அது வெள்ளக்காரன் ஊரு. இங்க துப்பாக்கிதானே வருது" என்றான் மைத்துனன். நான் உன் பேச்சைக் கேட்டேன். லாரி காலியாகத் திரும்பியது.

கடையை எடுக்க அரசு ஆட்கள் வந்த காலையில் இஸ்திரி போட்ட சட்டையோடு நீயும் வந்து நின்றாய். வழக்கு சுமுகமாக முடிந்தால் இரு தரப்பும் லபெட் தின்பது பர்மியர் வழக்கம். அதை நம்பி அதிகாரியிடம் ஒரு லபெட் தட்டைப் பணிவாக நீட்டினாய். அவர் தொடவில்லை. தட்டையும் சரக்கோடு உள்ளே வைத்துப் பூட்டி முத்திரையிடச் சொன்னார். ஈடு இன்றுவரை வரவில்லை.

பிறகு உன் வேலையும் போனது. மதராஸுக்குக் கப்பல் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவரா இருந்தா இப்படிச் செய்ய மாட்டாரு பாய்" என்றாய். அப்போதும் உன் பிரதமர்தான்! என்னிடம் மன்னிப்பு என்று ஒரு வார்த்தை நீ சொல்லவில்லை.

என் கடை இப்போது அரசாங்கக் கடை. என் கடைவாசலிலேயே வரிசையில் நின்று எனக்கு லுங்கி வாங்குகிறேன். நீ சொன்ன கதையில் ஒன்றுதான் என்னிடம் தங்கியிருக்கிறது. நல்லது செய்யப்போவதாக ரேடியோவில் யார் பேசினாலும், "சரி, நீ எப்போது வீட்டைக் காலி செய்வாய்?" என்று வாய்க்குள் கேட்டுக்கொள்கிறேன்.

இங்கே காலி செய்தவன் நீதானே, நண்பா.