ஊர்வலக் காருக்கு ஒரு ஸ்டீரியோ

மாதா துணை

குவைத்,
12-1-1975

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி அருள்நாதன் எழுதுவது. நானும் சுகம், இங்கே மணல் காற்றும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா?

தர்மபுரியில் ரேடியோ கடை வைத்திருக்கும் உசேன் பாயின் மச்சான் அடுத்த வாரம் லீவில் ஊருக்கு வருகிறார். அவரிடம் ஒரு பெட்டி கொடுத்திருக்கிறேன். அதில் காருக்கென்றே செய்த ஜப்பான் கேசட் ஸ்டீரியோ ஒன்றும், ஸ்பீக்கர் இரண்டும், நாதஸ்வரம், பேண்டு, சினிமாப் பாட்டு என்று ஆறு கேசட்டும் இருக்கின்றன. எல்லாம் நம் திறந்த காருக்கு. அப்பா அதை ஏற்காட்டுத் துரையிடம் வாங்கியதிலிருந்து ஜில்லா முழுக்கக் கல்யாண ஊர்வலம் போய்க்கொண்டிருக்கிறது. பாட்டுக்காரர்கள்தான் முன்னால் நடந்து சாகிறார்கள். இனி வண்டியே பாடட்டும்.

அது பாடும் முதல் ஊர்வலம் உன்னுடையதாக இருக்க வேண்டும். மே மாதம் லீவில் வருகிறேன். அப்பா செத்தபோது நான் இல்லை. அவர் இடத்தில் நின்று உன் கையைப் பிடித்துக் கொடுப்பதையாவது நான்தான் செய்ய வேண்டும். உனக்குப் பேசி முடித்திருக்கும் ஏரியூர் சின்னப்பராஜ் மாமாவிடம் சொல்லிவிடு, நான் வருகிற வரைக்கும் கோயிலில் ஞாயிறு பூசையில் கல்யாண ஓலை வாசித்து அறிவிக்க வேண்டாம்.

உன் தம்பி,
அருள்நாதன்

*

நல்லம்பள்ளி,
20-2-1975

அன்புள்ள தம்பிக்கு,

பெட்டி வந்து சேர்ந்தது. அம்மா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதுல எம் புள்ள சத்தம் வருமா?" என்று கேட்டாள். பாட்டுதான் வரும் என்றேன். அப்புறம் அவள் அந்தப் பக்கமே போகவில்லை.

டிரைவர் ராஜப்பன் வண்டியைத் தர்மபுரிக்குக் கொண்டுபோனார். நானும் கூடப் போனேன். உசேன் பாய் பானெட்டைத் திறந்து பார்த்தார், உன் செட்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அம்மணி, இது பன்னெண்டு வோல்ட்டு செட்டுங்க. உங்க வண்டி ஆறு வோல்ட்டு. அதோட பழைய வெள்ளைக்காரன் வண்டில பிளஸ் ஒயரத்தான் பாடியில கட்டியிருப்பான், இப்ப வர்ற செட்டெல்லாம் மைனஸ். தெரியாம மாட்டினா அரை நிமிசத்துல பொகஞ்சிடும்ங்க" என்று சொல்லி, கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அந்த வண்டியிலேயே தவழ்ந்து வளர்ந்தவன் நீ. அதில் எத்தனை வோல்ட் ஓடுகிறது என்று ஒரு வரி கேட்டு எழுதியிருக்கலாம்.

பெட்டி இப்போது பீரோ மேல் இருக்கிறது. சின்னப்பராஜின் அம்மா படுத்த படுக்கையாக இருக்கிறார். "கண்ண மூடறதுக்குள்ள மருமவளப் பாக்கணும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். மே மாதம் என்று பதில் சொன்னேன். மே மாதம்தானே?

எனக்கு முப்பத்துமூன்று முடிகிறது. அடுத்த வீட்டுப் பெண்களுக்கு ஊர்வல வண்டி பதிவு செய்து அனுப்புகிறேன். அவர்கள் அம்மாக்கள் என்னைப் பார்த்து உச்சுக் கொட்டுகிறார்கள். அலுப்பாக இருக்கிறது, வேறொன்றுமில்லை.

அன்புள்ள அக்கா,
புஷ்பமேரி

*

குவைத்,
18-3-1975

அன்புள்ள அக்காவுக்கு,

தப்பு என்னுடையதுதான். ஆனால் வழி இருக்கிறது. உசேன் பாயிடம் இதை அப்படியே காட்டு. வண்டியின் பேட்டரியைத் தொடவே வேண்டாம். செட்டுக்கென்று தனியாக ஒரு பன்னிரண்டு வோல்ட் பேட்டரி வாங்கிப் பின் சீட்டுக்குக் கீழே வைக்கட்டும். வாரம் ஒரு தடவை கடையில் சார்ஜ் ஏற்றிக்கொண்டால் போதும். செட்டின் தகரம் வண்டியின் தகரத்தில் படக்கூடாது. மரப்பலகையில் உட்கார வைத்து, கீழே சைக்கிள் டியூப் ரப்பர் கொடுக்கட்டும். டேஷ்போர்டில் ஓட்டை போட வேண்டாம், அது தேக்கு. ஸ்பீக்கரைக் கதவில் வைக்காதே, கதவு ஒல்லி, அதிரும். பின் சீட்டுக்குப் பின்னால் பலாப்பலகையில் இரண்டு பெட்டி அடித்து உள்ளே பஞ்சு திணிக்கச் சொல். படம் வரைந்து வைத்திருக்கிறேன்.

மே மாதம் லீவு கிடைக்கவில்லை. ஆகஸ்டில் கட்டாயம் வருவேன். மாமாவிடம் நீயே பக்குவமாகச் சொல்லு.

தம்பி,
அருள்நாதன்

*

நல்லம்பள்ளி,
15-6-1975

அன்புள்ள தம்பிக்கு,

உன் படத்தில் இருந்தபடியே மாட்டியாயிற்று. உசேன் பாய் மூன்று நாள் குனிந்து வேலை பார்த்தார். வண்டியை ஷெட்டில் நிறுத்தி வைத்துப் பாட்டுப் போட்டதும் ராஜப்பன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே தூங்கிவிட்டார், அத்தனை இதமாக இருந்தது. எனக்கும் சந்தோஷம்தான். ஒத்துக்கொள்கிறேன்.

போன வாரம் பாலக்கோட்டில் ஒரு கல்யாணம். கூரையை மடக்கி, பூ அலங்காரம் செய்து, பெண் மாப்பிள்ளையை உட்கார வைத்து, கேசட்டைப் போட்டால் ஒன்றுமே கேட்கவில்லை. பாட்டு மொத்தமும் மேலே கிளம்பிக் காற்றோடு போகிறது. மாப்பிள்ளையின் மாமன், "கூரையப் போட்டு ஓட்டுப்பா, பாட்டாச்சும் கேக்கட்டும்" என்றாராம். ஊரே பார்க்கத்தானே திறந்த வண்டி கேட்டார்கள். கடைசியில் ஓடிப்போய் இரண்டு மேளக்காரர்களைப் பிடித்து வந்தார்களாம். ராஜப்பன் இதை ஒரு வாரமாக எல்லாரிடமும் சொல்லிச் சிரிக்கிறார்.

மே தள்ளிப்போனதைக் கேட்கச் சின்னப்பராஜ் நேரில் வந்தார். பஞ்சாயத்து யூனியன் ஆபீசில் லீவு போட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். நான் ஆகஸ்ட் என்றேன். "சரிங்க" என்றார். கோபப்பட்டிருந்தால் எனக்குப் பதில் சொல்ல வந்திருக்கும். காப்பியைக் குடித்துவிட்டு, டம்ளரைத் தானே கொண்டுபோய்த் தொட்டியில் வைத்துவிட்டுப் போனார்.

தம்பி, நீ ஒயரைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதுகிறாய். உன் லீவைப் பற்றி ஒரே வரி. அதை மாற்றி எழுது.

அக்கா,
புஷ்பமேரி

*

குவைத்,
24-9-1975

அன்புள்ள அக்காவுக்கு,

ஆகஸ்டில் வரமுடியாமல் போனதற்கு என்ன எழுதுவது என்று தெரியாமலே நாள் போய்விட்டது. இங்கே வேலை அப்படி.

நீ சொன்னது சரி, திறந்த வண்டிக்கு அந்த ஸ்பீக்கர் காணாது. ஒரு ஆம்ப்ளிஃபையரும் புனல் மாதிரி வாய் அகன்ற ஸ்பீக்கர் இரண்டும் வாங்கிவிட்டேன். ஒன்றை முன்னால் பம்பருக்கு மேலும் மற்றதைப் பின்னால் டிக்கி மேலும் வைத்தால் தெரு முனை வரைக்கும் கேட்கும். நானே கையோடு கொண்டுவருகிறேன்.

ஆம், வருகிறேன். டிசம்பர் பத்தாம் தேதி இறங்குவேன். பதினைந்தாம் தேதி திங்கட்கிழமை கோயிலில் தாலி மந்திரித்துக் கட்டிவிடலாம், அன்று சாயங்காலமே ஊர்வலம். இருபதாம் தேதி நான் திரும்பியாக வேண்டும். பங்குச் சாமியாரிடம் தேதியைச் சொல்லிவிடு.

தம்பி,
அருள்நாதன்

*

ஏரியூர்,
9-11-1975

அன்புள்ள தம்பி அருள்நாதனுக்கு,

மேலே ஊர்ப் பெயரைப் பார்த்ததுமே உனக்குப் புரிந்திருக்கும். போன புதன்கிழமை, ஐந்தாம் தேதி, எனக்கும் அவருக்கும் கல்யாணம் முடிந்தது.

உன் கடிதத்தை வாங்கிக்கொண்டு சந்தோஷமாகத்தான் சாமியாரிடம் போனேன். டிசம்பர் பதினைந்து என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்னம்மா, ஆகமன காலத்துல கல்யாணமா?" என்று கேட்டார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரமும் நம் கோயிலில் கல்யாணம் கிடையாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நீ ஆறு வருஷம் பூசைக்கு உதவி செய்தவன். உண்மையிலேயே டிக்கெட் எடுப்பவனாக இருந்தால், தேதி போடுமுன் காலண்டரை ஒரு தடவை புரட்டியிருப்பாய். நீ ஏதோ ஒரு தேதியை எழுதி அனுப்பியிருக்கிறாய். கோயில் படியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை. அலுத்துப்போயிருந்தது. எழுந்து திரும்ப உள்ளே போய், "அப்படின்னா அதுக்கு முன்னாடியே வெச்சிடுங்க சாமி" என்றேன்.

மூன்று ஞாயிறு ஓலை வாசித்தார்கள். அந்த மூன்று வாரமும் உனக்கு வேண்டுமென்றேதான் எழுதவில்லை. எழுதினால் நீ தந்தி அடிப்பாய், அம்மா கலங்குவாள், மறுபடியும் எல்லாம் தள்ளிப்போகும். அம்மாவே என் கையைப் பிடித்துக் கொடுத்தாள். முழங்கால் வலியோடு பீடம் வரை நடந்தாள்.

ஊர்வலம் இல்லை. நம் வண்டி அன்றைக்கு மொரப்பூரில் வேறொரு பெண்ணுக்கு ஓடியது. அவர்கள் முன்கூட்டியே சொல்லி வைத்தவர்கள், மாற்ற எனக்கு மனசு வரவில்லை. நாங்கள் பென்னாகரம் போய் பஸ் மாறி வந்தோம். கூட்டத்தில் கசங்காமல் இருக்க மாலையைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டேன். கண்டக்டர் எங்களைப் பார்த்துவிட்டு, உட்கார்ந்திருந்த இருவரை எழுப்பி இடம் பிடித்துக் கொடுத்தார்.

அம்மா இப்போது எங்களோடுதான் இருக்கிறாள். நான் கேட்கவில்லை. "அத்தைய மட்டும் அங்க தனியா விட்டுட்டா நல்லாவா இருக்கும்?" என்று அவரேதான் சொன்னார். அவருடைய அம்மாவும் இவளும் ஒரே அறையில் படுத்துக்கொண்டு யாருக்கு வலி அதிகம் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். வண்டியை ராஜப்பன் பார்த்துக்கொள்வார்.

ஆம்ப்ளிஃபையரை அனுப்ப வேண்டாம். இனி எதுவுமே அனுப்ப வேண்டாம். லீவு கேட்டாயா இல்லையா என்று நான் உன்னைக் கேட்கப்போவதில்லை. கேட்டு, நீ இன்னொரு காரணம் சொல்லி, அதையும் நான் நம்பிக்கொண்டிருக்க எனக்குத் தெம்பு இல்லை.

அக்கா,
புஷ்பமேரி சின்னப்பராஜ்

*

குவைத்,
27-11-1975

அக்காவுக்கு,

நான் லீவு கேட்கவில்லை. மே மாதத்துக்கும் கேட்கவில்லை, ஆகஸ்டுக்கும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். என்னோடு வந்தவர்கள் இரண்டு தடவை ஊருக்குப் போய்வந்துவிட்டார்கள்.

உன் கல்யாணம் முடிந்து நீ ஏரியூர் போய்விட்டால், அம்மாவுக்கு யார் என்ற கேள்வி வரும். நான்தான் என்று எல்லாரும் என் முகத்தைப் பார்ப்பீர்கள். எனக்குத் திரும்பி வந்து அந்த வீட்டில் இருக்க மனசில்லை. அதனால் நீ அங்கேயே இருந்தால் சரி என்று நினைத்தேன். இப்படி வார்த்தையாக நினைக்கவில்லை, ஆனால் அதுதான். ஒவ்வொரு தடவை தேதியைத் தள்ளும்போதும் மனசு உறுத்தும். கடைக்குப் போய் வண்டிக்கு ஏதாவது வாங்குவேன். உறுத்தல் கொஞ்ச நாள் அடங்கும்.

அம்மாவைக் கூட்டிப்போனார் என்று படித்ததும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. வெட்கம் அப்புறம்தான் வந்தது. உன்னிடம் இதற்கு மேல் ஒளிக்க ஒன்றுமில்லை.

இதற்குப் பதில் போட வேண்டாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அதுவும் பொய். பதில் போடு அக்கா. திட்டியாவது ஒரு வரி போடு.

அருள்நாதன்